முதுகுப் பக்கம் வரும் காற்று

பினாங்குத் தீவின் ஜோர்ஜ்டவுனில் சியூ ஜெட்டிக்குப் போயிருக்கிறீர்களா? கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் மரவீடுகள், நடுவே ஒரு பலகைப் பாதை. அந்தப் பாதையின் கடைசிப் பலகையில் போய் நின்றால் உங்கள் முகம் கிழக்கைப் பார்க்கும். எதிரே பட்டர்வொர்த். நடுவில் பெர்ரி போய்வந்துகொண்டிருக்கும். வானம் தெளிவாக இருந்தால், வடக்கே கொஞ்சம் தள்ளி, கெடாவின் ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரத்தில் நீலமாகத் தெரியும்.

பார்த்துக்கொண்டே நிற்கலாம், அவ்வளவு நல்ல இடம். பாய்மரப் படகு ஓட்டப் பழகுகிறவருக்கோ இது ஏமாற்றுகிற இடம். பினாங்குக்கு வருகிற திடீர்ச் சூறைக்காற்றுகளில் மிகவும் பேர் பெற்றது மேற்கிலிருந்து வருகிறது. மேற்கே திரும்பினால் என்ன தெரியும்? கட்டடங்கள். அவற்றுக்குப் பின்னால் பினாங்கு மலைத்தொடர். அதன் உச்சி 833 மீட்டர். கடல்வெளியில் இருப்பவருக்கு இருபது, முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் கறுத்து வருகிற மேகம் தெரிந்துவிடும். ஜோர்ஜ்டவுன் பக்கம் படகில் இருப்பவருக்கு மலை அதை மறைத்துவிடும். மலைக்கு மேல் மேகம் தலைகாட்டும்போது அது ஏறக்குறைய வந்தே விட்டது.

அந்தக் காற்று எங்கே பிறக்கிறது, வந்தால் சின்னப் படகில் இருப்பவர் என்ன செய்யவேண்டும் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இது செய்திகளில் பேர் வைத்துச் சொல்லும் புயல் இல்லை. அந்த மாதிரிப் புயல்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்குச் சுழன்று, நாள்கணக்கில் உயிரோடு இருப்பவை. அவற்றைச் சுழல வைப்பது பூமியின் சுழற்சி. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் அந்தச் சுழற்றும் விளைவு மிகவும் பலவீனமானது. பினாங்கு இருப்பது வடக்கே ஐந்தரை டிகிரிக்கும் குறைவான இடத்தில். அதனால் முழுப் புயல் இந்தப் பக்கம் அபூர்வம். ஆனாலும் இயற்கை சில நேரம் விதியை மீறிப் பார்க்கும். 2001 டிசம்பரில் வாமெய் என்ற புயல் பூமத்திய ரேகையிலிருந்து ஒன்றரை டிகிரியில் உருவாகி, 27-ஆம் தேதி ஜோகூர் கரையில் ஏறியது. வானிலை அறிஞர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

நாம் பேசப்போகும் சூறை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். கடலோடிகள் அதைச் சுருக்கமாக ‘சுமத்ரா’ என்பார்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரைதான் அதன் காலம். வருவது பெரும்பாலும் விடியலுக்கு முன்னாலிருந்து நண்பகலுக்குள். காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசும்.

ஏன் அந்த நேரத்தில்? அதற்கு முதல் நாள் இரவுக்குப் போகவேண்டும்.

மலாக்கா நீரிணையின் ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் நம் மலாய்த் தீபகற்பம். பினாங்குக்கு நேரே இந்த நீரிணை 250 கிலோமீட்டருக்கும் மேல் அகலம். பகலில் இரண்டு பக்க நிலமும் சூடாகும். இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும். கடல்நீர் குளிராது, பகலின் வெப்பத்தை அப்படியே பிடித்து வைத்திருக்கும். குளிர்ந்த காற்று கனமானது. அது இரண்டு நிலத்திலிருந்தும் கடலை நோக்கி மெல்ல வழியும். சுமத்ரா பக்கம் புக்கிட் பாரிசான் மலைத்தொடர் இருப்பதால், சரிவில் இறங்கும் காற்றுக்கு இன்னும் வேகம். இப்படி இரண்டு பக்கமிருந்தும் வருகிற காற்று நடுக்கடலில் மோதும். மோதினால் போக இடம்? கீழே கடல். மேலேதான் போகவேண்டும். வெதுவெதுப்பான, ஈரம் நிறைந்த கடற்காற்றையும் தூக்கிக்கொண்டு அது மேலே ஏறும். ஏற ஏற ஈரம் மேகமாகும், மேகம் இடிமேகமாகும். நள்ளிரவுக்கு மேல் நீரிணையின் நடுவே இடிமேகங்கள் வரிசைகட்டி நிற்கும். தென்மேற்குப் பருவக்காற்று அந்த வரிசையை அப்படியே நம் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும்.

நாம் தூங்கிக்கொண்டிருக்கும்போது கடல் நடுவில் இத்தனையும் நடந்துவிடுகிறது. மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் ரேடார் படத்தில் இந்த வரிசை சில நேரம் வளைந்த வில்லாகத் தெரியும். வில்லின் முதுகு எந்தப் பக்கம் புடைத்திருக்கிறதோ, அந்தப் பக்கம்தான் அது நகர்கிறது.

இடிமேகம் வந்தால் மழை வரும், சரி. மழைக்கு முன்னால் ஓங்கி அறைகிற காற்று எங்கிருந்து வருகிறது? எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். மேகத்திலிருந்து விழுகிற துளிகள் எல்லாம் தரைக்கு வந்து சேர்வதில்லை. பல துளிகள் வழியிலேயே ஆவியாகிவிடும். ஆவியாக வெப்பம் வேண்டும். சுற்றியுள்ள காற்றிலிருந்து அதை உறிஞ்சிக்கொள்ளும். நனைந்த கையில் ஊதினால் சில்லென்று இருக்கிறதே, அதே கணக்கு. இப்படிக் குளிர்ந்த காற்று கனத்துப்போய்க் கீழே சரிகிறது. கடல்மட்டத்தைத் தொட்டதும் அதற்குக் கீழே போக வழியில்லை. நாலாபுறமும் பாய்ந்து பரவுகிறது. மேகத்துக்கு முன்னால் ஓடிவருகிற இந்தக் குளிர்காற்றின் விளிம்புதான் படகைக் கவிழ்ப்பது. மழை பின்னால்தான் வருகிறது.

இது தெரிந்தால் அடையாளங்களும் தானாகப் புரியும். புழுக்கமாக இருந்த காற்று திடீரென்று நின்றுபோகும், அல்லது திசை மாறும். மேகத்தின் அடியில் தட்டையான, அலமாரித் தட்டு மாதிரி நீண்ட ஒரு கறுப்பு விளிம்பு தெரியும். ஒரு சில்லென்ற வீச்சு முகத்தில் படும். சில நிமிடத்தில் வெப்பம் நான்கைந்து டிகிரி குறையலாம். கடலில் தூரத்தே ஒரு கருங்கோடு தெரியும். காற்று நீரின் மேல்பரப்பைக் கலைத்துவிடுவதால் அந்த இடம் மட்டும் வானத்தின் ஒளியை நம் கண்ணுக்குக் குறைவாக அனுப்பிக் கறுத்துத் தெரிகிறது. கோட்டுக்குள் வெள்ளை வெள்ளையாக நுரை தெரிந்தால், இனி யோசிக்க நேரமில்லை.

எவ்வளவு நேரம் இருக்கும்? வரிசை மணிக்கு 40 கிலோமீட்டரில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோமீட்டர் தூரத்தில் பார்த்தால் கால் மணி நேரம். பத்து ஃபெரிங்கி கடற்கரைப் பக்கம், மேற்கு வானம் திறந்திருக்கும் இடத்தில், இது கிடைக்கும். மலைக்குக் கிழக்கே ஜோர்ஜ்டவுன் நீர்ப்பரப்பில் 3 கிலோமீட்டரில்தான் தெரிகிறது என்றால், நாலரை நிமிடம். மலை இன்னொரு வேலையும் செய்கிறது. அது காற்றை முழுக்கத் தடுப்பதில்லை. மலையைச் சுற்றியும் பள்ளங்கள் வழியாகவும் வருகிற காற்று விட்டுவிட்டு, திசை மாறி மாறி அடிக்கும். ஒரே திசையில் வீசுகிற பலத்த காற்றைவிட இந்த மாறாட்டக் காற்று சின்னப் படகுக்குத் தொல்லை அதிகம்.

இப்போது படகுக்கு வருவோம். உலகம் முழுக்கப் பிள்ளைகள் ஓட்டிப் பழகும் ஒரு குட்டிப் படகு இருக்கிறது, ஆப்டிமிஸ்ட் என்று பேர். 1947-இல் அமெரிக்காவில் கிளார்க் மில்ஸ் என்பவர் வடிவமைத்தது. 2.3 மீட்டர் நீளம், 35 கிலோ எடை. ஒரே ஒரு பாய். அதன் பரப்பு சுமார் 3.3 சதுர மீட்டர். படகில் ஒரே ஒரு பிள்ளை.

கணக்குப் போடலாமா? காற்று மணிக்கு 18 கிலோமீட்டரில் வீசுகிறது. படகு ஓட்ட இதமான காற்று. அது அந்தப் பாயில் நேராகப் பட்டால் தள்ளும் விசை, ஏறத்தாழ 5 கிலோ எடையின் அளவு. காற்று இரண்டு மடங்காகி 36 கிலோமீட்டர் ஆனால் 10 கிலோ என்றுதானே நினைப்போம்? இல்லை, 20 கிலோ. மறுபடி இரண்டு மடங்கு, 72 கிலோமீட்டர். இப்போது 80 கிலோ!

ஏன் இப்படி எகிறுகிறது? வேகம் இரட்டிப்பானால் ஒரு நொடியில் பாயில் வந்து மோதும் காற்றின் அளவு இரட்டிப்பாகும். அந்தக் காற்று மோதும் வேகமும் இரட்டிப்பு. இரண்டும் சேர்ந்து நான்கு மடங்கு. வேகம் நான்கு மடங்கானால் விசை பதினாறு மடங்கு.

படகில் இருக்கும் பிள்ளையின் எடை 40 கிலோ. 80 கிலோ விசை பாயை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. அதுவும் தலைக்கு மேலே, பாய்மரத்தில் உயரமான இடத்தில். நெம்புகோலின் நீண்ட முனையைப் பிடித்துத் தள்ளுவதற்குச் சமம். பிள்ளை எவ்வளவுதான் வெளியே சாய்ந்து உட்கார்ந்து எதிர்த்தாலும் நடக்காது. பெரியவர்கள் பெரிய படகில் போனாலும் இதே கதைதான். பெரிய படகுக்குப் பாயும் பெரிதல்லவா?

சினிமாவில் பார்த்திருப்பீர்கள். சூறை அடிக்கும், கதாநாயகன் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பான், மேலே எல்லாப் பாயும் விரிந்து கிடக்கும். உண்மையான கடலோடி இதைப் பார்த்தால் சிரிப்பார். காற்றோடு மல்லுக்கட்டி ஜெயித்தவர் யாரும் இல்லை. காற்றுக்குப் பிடிமானம் கொடுக்காமல் இருப்பதுதான் வித்தை.

அதற்கு மிக எளிய வழி, கையில் இருக்கும் கயிற்றை விடுவது. பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றுக்கு நம் கடலோடிகள் தாமான் என்று பேர் வைத்திருக்கிறார்கள். தாமானை விட்டால் பாய் காற்றின் போக்கிலேயே திரும்பிக்கொண்டு படபடவென்று அடித்துக்கொள்ளும். சத்தம் பயமாக இருக்கும், ஆனால் விசை போய்விடும், படகு நிமிரும். அதனால்தான் சின்னப் படகில் தாமானை எங்கேயும் முடிச்சுப் போட்டுக் கட்டக்கூடாது. கை வலித்தாலும் கையிலேயே இருக்கவேண்டும். முடிச்சை அவிழ்ப்பதற்குள் படகு கவிழ்ந்துவிடும்.

இது ஒரு வீச்சைத் தாங்கப் போதும். ஒரு மணி நேரத்துக்குப் போதாது. அடித்துக்கொண்டே இருந்தால் பாய் கிழிந்துவிடும். ஆகவே பெரிய படகுகளில் பாயைச் சுருக்குவார்கள். மேலே ஏற்றிய பாயைக் கொஞ்சம் இறக்கி, அடிப்பகுதியை மடித்து, பாயில் தைத்திருக்கும் சிறு கயிறுகளால் கட்டிவிடுவது. இதில் இரட்டை லாபம். பரப்பு குறைவதால் விசை குறைகிறது. பாயின் நடுப்பகுதி கீழே இறங்குவதால் நெம்புகோலும் குட்டையாகிறது. பாதி பாய் என்றால் சாய்க்கும் வலு பாதிக்கும் கீழே போய்விடும். ஆனால் இதைக் காற்று வருவதற்கு முன்னால் செய்யவேண்டும். வந்தபிறகு, 80 கிலோ விசையில் விறைத்து நிற்கும் ஈரத்துணியை மடித்துப் பாருங்கள், தெரியும்! சுருக்கலாமா என்ற கேள்வி மனத்தில் வந்தாலே சுருக்கவேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பழைய மாலுமிகள் சொல்வார்கள்.

பினாங்குத் துறைமுகத்தில் ஒரு காலத்தில் பல நாட்டுப் பாய்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. சூலியா தெருவுக்குப் பேர் தந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களின் கப்பல்கள் நாகப்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை பக்கமிருந்து துணிமூட்டைகளோடு வரும். 1801-இல் தொடங்கப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அவர்கள் காலத்து நினைவுச்சின்னம். இந்தியப் பெருங்கடல் ஓரத்துக் கப்பல்களில் பல, சாய்ந்த நீளக் கழி ஒன்றில் மாட்டிய பெரிய பாயைப் பயன்படுத்தின. அந்தக் கழிக்குப் பருமல் என்று பேர். அதை ஏற்றி இறக்கும் கயிறு ஆஞ்சான். நல்ல காற்றில் இந்தப் பாய்க்கு இணை கிடையாது. ஆனால் அதைச் சுருக்குவது பெரும்பாடு. சூறை வந்தால் தாமானை விட்டு, ஆஞ்சானைத் தளர்த்தி, பருமலையே கீழே இறக்கவேண்டும். வேண்டுமானால் அதைக் கழற்றிவிட்டுச் சின்னப் பாய் ஒன்றை மாட்டவேண்டும். அதற்கு நிறைய ஆட்கள் வேண்டும், நேரமும் வேண்டும். நடுக்கடல் பருவக்காற்று மாதக்கணக்கில் ஒரே பக்கம் வீசுவது. அந்தக் காற்றுக்கு ஏற்ற பாய் அது. நீரிணைக்குள் நாலரை நிமிடத்தில் வருகிற சூறைக்கு?

அதற்குச் சீனக் கப்பல்காரர்கள் வைத்திருந்த விடை எனக்குப் பெரிய வியப்பு. அவர்கள் பாயின் குறுக்கே, கீழிருந்து மேல்வரை, வரிசையாக மூங்கில் கழிகளை வைத்துக் கட்டினார்கள். ஜன்னலில் தொங்கும் பட்டைத் திரை போல அது கழி கழியாக மடியும். பாயை ஏற்றும் கயிற்றைத் தளர்த்தினால் போதும். பாய் தன் எடையாலேயே இறங்கி, ஒவ்வொரு கழியாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிக்கொள்ளும். ஒரு கழி அளவு இறக்கலாம், மூன்று கழி அளவு இறக்கலாம். மரத்தில் யாரும் ஏறவேண்டாம், கட்டவும் வேண்டாம். ஒரே ஆள், சில நொடிகள். 1960-இல் தனி ஆளாக அட்லாண்டிக் கடலைக் கடக்கும் முதல் போட்டி நடந்தபோது பிளாண்டி ஹாஸ்லர் என்ற பிரிட்டிஷ்காரர் தன் சின்னப் படகு ‘ஜெஸ்டரில்’ இந்தச் சீனப் பாயை மாட்டிக்கொண்டு போனார். படகின் கூரைத் துளையில் நின்றபடியே பாயை ஏற்றி இறக்கினார். சாதாரண மேலைநாட்டுப் பாயோடு போன பிரான்சிஸ் சிச்செஸ்டர் முதலில் வந்தார், ஹாஸ்லர் இரண்டாவது.

காற்றுக்கேற்பப் பாயைச் சுருக்குவது போல, ஆளுக்கேற்பப் பாயைச் சின்னதாக்குவதும் உண்டு, இன்றைய ஒலிம்பிக்கிலும். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டியில் கலந்துகொண்டார். அந்தப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். வேலூர்க்காரரான விஷ்ணு சரவணனும் அதே ஆண்டு போட்டியிட்டார். இருவரும் ஓட்டியது ஒரே வகைப் படகு. லேசர் என்று பேர். ஆனால் விஷ்ணுவின் பாய் 7.06 சதுர மீட்டர்; நேத்ராவின் பாய் 5.76. மரத்தின் கீழ்த்துண்டை மட்டும் மாற்றிக் குட்டையாக்கினால் சின்னப் பாயை மாட்டிவிடலாம். இன்னும் சின்னவர்களுக்கு 4.7 சதுர மீட்டரிலும் பாய் இருக்கிறது. படகை மாற்றவேண்டியதே இல்லை.

பாயைச் சுருக்கியாயிற்று. அடுத்து எங்கே போவது? கரை பக்கத்தில் தெரிகிறதே, ஓடிப்போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கால் பரபரக்கும். கால் மணி நேரம் கையில் இருந்து, கரையும் காற்றுக்கு மறைவான பக்கம் இருந்தால் போகலாம். இல்லையென்றால் கரைதான் பெரிய ஆபத்து.

ஆழமில்லாத இடத்தில் அலைகளுக்கு என்ன ஆகிறது பாருங்கள். அலையின் அடிப்பகுதி தரையைத் தொட்டதும் வேகம் குறைகிறது. பின்னால் வருகிற அலை நெருங்கிவிடுகிறது. அலை செங்குத்தாகி உயர்கிறது. அதன் உயரம் நீரின் ஆழத்தில் முக்கால் பங்கை நெருங்கும்போது உடைந்து விழுகிறது. ஆழ்கடலில் படகைத் தூக்கி இறக்கிவிட்டுப் போகும் அலை, கரையோரத்தில் படகின்மேல் இடிந்து விழும். தீவுக்கும் நிலப்பகுதிக்கும் நடுவே நீரோட்டம் வேறு உண்டு. ஓதம் ஒரு பக்கம் ஓட, காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் அலைகள் இன்னும் நெருங்கிக் கூர்மையாகும். போதாததற்கு இரண்டு பாலங்களின் தூண்கள். முதல் பாலம் 1985-இலும், 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலம் 2014-இலும் திறக்கப்பட்டன. பாலம் அழகுதான், பாய் அடங்காத படகில் தூணை நோக்கித் தள்ளப்படுகிறவருக்கு அது அழகாகத் தெரியாது.

கரை எவ்வளவு ஆபத்து என்பதை நம் சென்னைக் கரை முன்பே கற்றுக்கொடுத்திருக்கிறது. அது காற்றுக்கு மறைவே இல்லாத திறந்த கரை. 1746 அக்டோபரில், சென்னைக்கு எதிரே நங்கூரம் போட்டிருந்த பிரெஞ்சுக் கப்பற்படையை ஒரே இரவில் புயல் சிதறடித்தது. வடகிழக்குப் பருவம் தொடங்கினால் சோழமண்டலக் கரையை விட்டுக் கப்பல்கள் ஓடவேண்டும் என்பது ஆங்கிலேயர்களுக்கும் பெரிய தலைவலி. வங்கக் கடலின் கிழக்குப் பக்கம் ஒதுங்கி நிற்க, கப்பலைப் பழுதுபார்க்க ஒரு துறைமுகம் தேடினார்கள். அவர்கள் சார்பில் பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்டு 11-ஆம் தேதி பினாங்கில் கொடியேற்றியதற்கு அதுவும் ஒரு காரணம். தீவின் மலைக்கும் நிலப்பகுதிக்கும் நடுவில் கிடைக்கும் மறைவு அவர்களுக்குப் பெரிய வரம். பெரிய கப்பலுக்கு நங்கூரம் போட்டு நிற்க அது மறைவு. நம் சின்னப் படகுக்கு அதே மலை மேற்கு வானத்தை மறைக்கும் திரை. இரண்டும் உண்மை.

சரி, கரைக்கும் போகக்கூடாது, நிற்கவும் முடியாது என்றால்? நிற்க முடியும்! இரண்டு பாய் உள்ள படகில் ஓர் அழகான தந்திரம் இருக்கிறது. முன்பாயை வேண்டுமென்றே தப்பான பக்கம், அதாவது காற்று வருகிற பக்கம், இழுத்துக் கட்டிவிடுவார்கள். அது படகின் மூக்கைக் காற்றிலிருந்து விலக்கித் தள்ளப் பார்க்கும். சுக்கானையும் பின்பாயையும் மூக்கைக் காற்றை நோக்கித் திருப்பும்படி வைப்பார்கள். ஒன்று போ என்கிறது, மற்றது வா என்கிறது. இந்த இழுபறியில் படகு எங்கேயும் போகாமல், காற்றுக்குச் சற்றே சாய்ந்த முகத்தோடு, மெல்லப் பக்கவாட்டில் நகரும். நகர்ந்த தடத்தில் நீர் சுழித்து வழவழப்பாக இருக்கும். வருகிற அலையின் கூர்மையை அந்தத் தடம் கொஞ்சம் மழுங்கடிக்கும். உள்ளே இருப்பவர்கள் தேநீர்கூடப் போட்டுக்கொள்ளலாம்.

இதில் எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்று பாருங்கள். ஜோர்ஜ்டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவே சுமார் 3 கிலோமீட்டர். மேற்குக் காற்று உங்களைக் கிழக்குக் கரைக்குத் தள்ளுகிறது. காற்றோடு ஓடினால் படகு மணிக்கு 10 கிலோமீட்டர் போகும். பதினெட்டே நிமிடத்தில் எதிர்க்கரை. இப்படி நிறுத்திப் பிடித்தால் மணிக்கு 2 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரம். அதற்குள் பல சூறைகள் ஓய்ந்துவிடும். கப்பல் போகும் பாதையில் இல்லையென்றால் நங்கூரமும் போடலாம். அடியில் சேறு, பிடித்துக்கொள்ளும். கயிறு மட்டும் ஆழத்தைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு வேண்டும். 10 மீட்டர் ஆழத்துக்கு 10 மீட்டர் கயிறு விட்டால் நங்கூரம் மேல்நோக்கி இழுபட்டுப் பிடுங்கிக்கொள்ளும். நீளமாக விட்டால் இழுப்பு படுக்கையாக இருக்கும். இழுக்க இழுக்க நங்கூரம் சேற்றில் புதையும்.

இதெல்லாம் கண்ணுக்கு மேகம் தெரியும் நேரத்தில். இரவில்? ராஜா மூடா சிலாங்கூர் பன்னாட்டுப் பாய்மரப் போட்டி 1990 முதல் நடந்துவருகிறது. நவம்பர் மாதம் கிள்ளான் துறைமுகத்தில் தொடங்கி பங்கோர், பினாங்கு, லங்காவி என்று மேலே வரும். இரவெல்லாம் ஓட்டவேண்டிய கட்டங்கள் அதில் உண்டு. இருட்டில் மேகம் தெரியாது. ஆகவே ஒருவர் நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு பக்கத்து நட்சத்திரங்கள் அணைந்துகொண்டே வந்தால், அங்கே மேகம் எழும்புகிறது.

மின்னல்? அதைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்கும்வரை ஒவ்வொரு மூன்று நொடிக்கும் ஒரு கிலோமீட்டர். முப்பது நொடிக்குள் கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. திறந்த கடலில் உயரமான ஒரே பொருள் உங்கள் பாய்மரம்தான். சின்னப் படகுக்காரர்கள் இடி கேட்டதுமே கரையேறிவிடவேண்டும், காற்றுக்காகக் காத்திருக்கக்கூடாது. பெரிய படகில் இருந்தால் மரத்தையும் உலோகக் கம்பிகளையும் தொடாமல் உள்ளே உட்காரவேண்டும்.

இத்தனைக்கும் பிறகு படகு கவிழ்ந்துவிட்டால்? ஆப்டிமிஸ்ட் ஓட்டும் பிள்ளைகளுக்குப் பயிற்சியிலேயே படகை வேண்டுமென்று கவிழ்த்துக் காட்டுவார்கள். படகுக்குள் காற்றடைத்த பைகள் இருப்பதால் அது மூழ்காது. தாமானை விட்டுவிட்டு, படகின் மூக்கைக் காற்றை நோக்கித் திருப்பவேண்டும்; இல்லாவிட்டால் நிமிர்ந்த வேகத்திலேயே மறுபக்கம் கவிழும். பிறகு அடிப்பக்கம் போய், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையைப் பிடித்துத் தொங்கினால் போதும், உடலின் எடை படகைத் திருப்பிவிடும். அப்புறம் வாளியால் நீரை இறைக்கவேண்டியதுதான். மிதவைச் சட்டை போட்டிருப்பீர்கள், அதைச் சொல்லவே வேண்டாம்.

நிமிர்த்த முடியாவிட்டாலும் படகை விட்டு நீந்தக் கூடாது. கரை பக்கத்தில் இருப்பது போலத்தான் தோன்றும். நீரில் ஒரு தலை மட்டும் மிதந்தால் தேடி வருகிறவர் கண்ணுக்குத் தெரியாது. கவிழ்ந்த படகு தெரியும். இதற்கு மிகக் கசப்பான சான்று 1979-இல் பிரிட்டனில் நடந்த ஃபாஸ்ட்நெட் போட்டி. 303 படகுகள் கிளம்பின. நடுவழியில் பெரும்புயல். பந்தயத்தில் போன 15 பேர் இறந்தார்கள். 24 படகுகளை விட்டுவிட்டு ஆட்கள் வெளியேறினார்கள். ஆனால் மூழ்கியவை ஐந்தே ஐந்து. கைவிடப்பட்ட படகுகளில் பெரும்பாலானவை புயல் ஓய்ந்த பிறகும் மிதந்துகொண்டிருந்தன.

சூறையின் முன்விளிம்பு கடந்ததும் காற்று சட்டென்று விழுந்துவிடும். அதற்குப் பின்னால் ஒரு மணி நேரம் அமைதியான மழை பெய்யலாம். அப்போது படகுக்கு நேர்மாறான தொல்லை: அலை மிச்சமிருக்கும், பாய்க்குக் காற்று இருக்காது. மழையில் நனைந்தால் பினாங்கிலும் உடம்பு நடுங்கும். ஆகவே காய்ந்த சட்டை ஒன்றும் துடுப்பு ஒன்றும் படகில் இருப்பது நல்லது.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி ஒன்று, சாத்தே குச்சி ஒன்று, தாள், கொஞ்சம் களிமண். பெட்டியின் நடுவே களிமண்ணில் குச்சியை நட்டு, உள்ளங்கை அளவு தாளைப் பாயாக ஒட்டி, பெரிய தொட்டி நீரில் விடுங்கள். மின்விசிறி வேண்டாம், நீரும் மின்சாரமும் சேரக்கூடாது. பனையோலை விசிறியோ அட்டையோ போதும். முதலில் தாளைக் குச்சியின் உச்சியில் ஒட்டி, பெட்டி சாயும்வரை விசிறுங்கள். பிறகு அதே தாளைக் குச்சியின் அடியில் ஒட்டி விசிறுங்கள். அடுத்து தாளைப் பாதியாக மடித்து உச்சியில் ஒட்டுங்கள். முழுத்தாள் அடியில், அரைத்தாள் உச்சியில்: இந்த இரண்டில் எது முதலில் கவிழும் என்று விசிறுவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு விசிறத் தொடங்குங்கள்.